ஓடத் தெரியாத வாத்தியாரம்மா

என் அத்தை உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். காலை மடக்கி, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துவிட்டாள் என்றால் முகத்தில் ஈ மொய்த்தாலும் கை எழும்பாது. ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பெண், நடையில் சுவரோரமாக இருந்த அத்தையைக் கவனிக்காமல் அம்மாவோடு வெகுநேரம் ஊர்க்கதை பேசினாள். அதில் பாதி அத்தையைப் பற்றிய கதை. கிளம்பும்போதுதான் பார்த்தாள்.

"ஆத்தாடி, இங்கனயா இருந்தீங்க!" என்று பதறிப்போய், செருப்பை மறந்துவிட்டு ஓடினாள். அத்தை அப்போதும் அசையவில்லை.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. கல்யாணமான மறுவருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள். எங்கள் வீட்டில் அவளை யாரும் வைததில்லை. ஆனால் விசேஷ நாளில் உள்ளேயே இருக்க வேண்டும். அப்பா எண்ணெய்க் கடைக்குச் சரக்கு எடுக்கக் கிளம்பினால் வண்டி தெருமுனை தாண்டும்வரை எதிரே வரக் கூடாது. சத்தமாகச் சிரித்தால் அம்மா ஒரு பார்வை பார்ப்பாள். இப்படி இருந்து இருந்தே அந்த வித்தை அவளுக்குக் கைவந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. அத்தை பிறவியிலேயே அப்படி என்று எண்ணியிருந்தேன்.

குடுமியான்மலைக்குப் போகிற பாதையில் இருந்தது எங்கள் ஊர். புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலம், வெளியே யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். யாரோ சொன்னதைக் கேட்டு அப்பா அத்தையைத் திருச்சிக்கு அனுப்பி வாத்தியார் ட்ரெயினிங் படிக்க வைத்தார். படித்து முடித்தவளுக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே பாலர் வகுப்பு கிடைத்தது.

பாலர் வகுப்பு என்றால் மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற தாய்மார்கள் பெரிய பிள்ளையோடு சின்னதையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்கென்று பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை. அத்தை வருவதற்கு முன்னால் அது கோழிக்கூண்டைத் திறந்துவிட்டது மாதிரி இருக்கும். ஒன்று மரத்தில் தொங்கும், ஒன்று மண்ணைத் தின்னும், ஒன்று எங்கள் நாலாம் வகுப்புக்குள் வந்து அக்காவின் பாவாடையைப் பிடித்து இழுக்கும்.

அத்தை வந்தாள், கொட்டகை அடங்கிப்போயிற்று. அவள் பிரம்பைத் தொட்டதே கிடையாது. சுண்ணாம்பைக் கரைத்து, மண் தரையில் ஒவ்வொரு பிள்ளையைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டாள். அதற்குள் சம்மணம் போட்டுக் கைகட்டி உட்கார வேண்டும். பாட்டு, எண், ஆனா ஆவன்னா எல்லாம் அதற்குள்ளேதான். மத்தியானக் கஞ்சியும் அதற்குள்ளேதான்.

"கோட்டைத் தாண்டினா என்ன செய்வீங்க வாத்தியாரம்மா?" என்று கருப்பையா என்கிற வாலுப்பயல் முதல் நாளே கேட்டான்.

"ஒண்ணும் செய்ய மாட்டேன். ஒன்னோட பேச மாட்டேன்."

நாள் முழுக்கத் தாயைப் பிரிந்திருக்கிற பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய அடி கிடையாது. கருப்பையாவே ஒரு வாரத்தில் அடங்கிவிட்டான்.

சாயங்காலம் மணி அடித்ததும் நாங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்போம். அந்தப் பிள்ளைகள் எழுந்திருக்கும்போது கால் மரத்துப்போய் அப்படியே சரியும். சுவரைப் பிடித்துக்கொண்டு, கிழடுகள் மாதிரி ஒவ்வொன்றாக வெளியே வரும். எங்களுக்கு அது சிரிப்பு. ஊருக்கு அது பெருமை. "வாத்தியாரம்மாகிட்ட விட்டா பச்சப்புள்ளகூடப் பெரிய மனுசனாட்டம் ஆயிருதுங்க" என்று அப்பாவின் கடையில் வந்து சொல்வார்கள். அப்பா எண்ணெய் அளக்கும் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று பள்ளிக்கூடத்துக்கு மாவிலைத் தோரணம் கட்டியிருந்தோம். எங்கள் வகுப்பைப் பார்த்துவிட்டு அவர் கொட்டகைக்குப் போனார். பின்னாலேயே பெரிய வாத்தியார், கைகட்டிக்கொண்டு. எங்கள் சன்னலிலிருந்து கொட்டகை நேரே தெரியும்.

அத்தனை பிள்ளைகளும் வட்டத்துக்குள் கைகட்டி இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அவர்கள் நடுவே நடந்தார். குனிந்து ஒருவன் முகத்துக்கு நேரே கையைச் சொடுக்கிப் பார்த்தார். அவன் கண்கூடச் சிமிட்டவில்லை.

"பிள்ளைகளா இதுங்க, செதுக்கி வச்ச சிலைகளா?" என்று சத்தமாகச் சிரித்தார். "நான் இத்தனை பள்ளிக்கூடம் பாத்திருக்கேன். இப்பிடி ஒரு கட்டுப்பாட்டைப் பாத்ததில்லை. மத்தவங்களை இங்க அனுப்பிப் பாக்கச் சொல்லணும்."

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அவள் காது சிவந்ததை நான் பார்த்தேன். அவளை யாரும் நாலு பேருக்கு முன்னால் பாராட்டியதே இல்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்து, "எங்க அத்தை" என்றேன்.

இன்ஸ்பெக்டர் பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். பிறகு வில்வண்டி ஏறினார். வண்டி போன பிறகுதான் அத்தை பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். கடைசி வரிசையில் அஞ்சலை என்று ஒரு பெண், நாலு வயது இருக்கும், கைகட்டியபடியே வேர்த்து வழிந்துகொண்டிருந்தாள். உதட்டைக் கடித்ததில் இரத்தம். வாயோரம் நுரை. கிட்டே போன அத்தை, அவள் கால் பக்கம் எதையோ பார்த்துக் கூச்சல் போட்டாள். கீற்றிலிருந்து விழுந்த செந்தேள். பிள்ளையின் தொடையில் கொட்டிவிட்டு, அதே வட்டத்துக்குள் பாவாடை ஓரத்தில் கிடந்தது.

"எப்பக் கொட்டுச்சு? எப்பத்தா?"

"அந்த அய்யா வந்தப்ப." பிள்ளைக்குப் பேச்சுக் குழறியது. "நான் கோட்டத் தாண்டலை வாத்தியாரம்மா. அழுகவும் இல்லை."

அத்தை பிள்ளையை வாரி எடுத்தாள். வைத்தியர் வீடு தெருவின் அந்தக் கோடியில். நாங்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். அப்போது நான் பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. அத்தை நடந்தாள். ஒரு கையில் பிள்ளை, மறு கையால் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, வேகமாக, ஆனாலும் நடந்தாள். தெருவில் ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பிள்ளையின் தலை அவள் தோளில் துவண்டு ஆடியது.

"கொண்டாங்கம்மா இப்பிடி!" பெரிய வாத்தியார் பின்னாலிருந்து வந்து பிள்ளையைப் பறித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தத் தொப்பை மனிதர், தெருவையே இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடினார். அத்தை வெறுங்கையோடு நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

வைத்தியர் ஏதோ அரைத்துக் கொடுத்து, மாட்டுவண்டியில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிள்ளை பிழைக்குமா என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அத்தை வீட்டுக்கு வந்து அடுப்படியில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஓடணும்னு தோணுச்சு மதினி. ஓடத்தான் நெனச்சேன். காலு வரலை. தெருவுல அம்புட்டு ஆம்பளைக நின்னாங்க."

அம்மா கூட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுகிற சத்தம் மட்டும் நின்று நின்று கேட்டது.

அஞ்சலை பிழைத்துக்கொண்டாள். ஊர் திரும்பிய மறுநாள் அவள் தாய், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மடி நிறைய வெள்ளரிக்காயோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அத்தை எழுந்து நின்றாள். அந்தம்மா சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

"வாத்தியாரம்மா, தோட்டத்துல காச்சதுங்க, பிஞ்சாப் பாத்துப் பறிச்சேன்" என்றாள் அவள். "ஆஸ்பத்திரியில டாக்டரு கேட்டாரு, தேளு கொட்டி இம்புட்டு நேரம் புள்ளை எப்பிடிச் சும்மா இருந்துச்சுன்னு. நாஞ்சொன்னேன், எங்க வாத்தியாரம்மா சொன்னா சொன்னதுதாங்க, எம்மக தட்ட மாட்டாள்னு. அவருக்கே ஆச்சரியமுங்க. எம்மகளை அம்புட்டு நல்ல புள்ளையா ஆக்கிட்டீங்க. நீங்க நல்லா இருக்கணும்."

காயை எடுத்து நீட்டினாள். அத்தையின் கை நீளவில்லை. அந்தம்மா இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்து, "வாத்தியாரம்மாவுக்குக் கும்புடு போடு" என்றாள். பிள்ளை உடனே கை கட்டிக்கொண்டது. கும்பிடுவதற்குப் பதில் கை கட்டிக்கொண்டது. அத்தை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெள்ளரிக்காயை அம்மாதான் வாங்கிக்கொண்டாள். அதை அத்தை கடைசிவரை தொடவே இல்லை.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மனிதர்கள் வெட்கப்படுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு அத்தையின் அந்த முகம்தான் நினைவுக்கு வரும். வைதிருந்தால் தாங்கியிருப்பாள். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அடுத்து வந்த திங்கட்கிழமை அத்தை விடியும் முன்பே பள்ளிக்கூடம் போய்ச் சாணி கரைத்துக் கொட்டகையை மெழுகிவிட்டாள். ஒரு வட்டம் இல்லை. பிள்ளைகள் வந்தார்கள். கோடு இல்லாத தரையில், கோடு இருந்த அதே இடத்தில், வழக்கம்போல் கைகட்டி உட்கார்ந்தார்கள்.

"எல்லாரும் எந்திரிங்க. வெளிய வாங்க" என்று வேப்பமரத்தடிப் பொட்டலுக்குக் கூட்டி வந்தாள். "ஓடுங்க."

ஒருவரும் ஓடவில்லை.

"எங்கிட்டு வாத்தியாரம்மா?" என்றான் கருப்பையா. அவனே அப்படிக் கேட்டான்.

"எங்கிட்டாச்சும். அங்கிட்டு, இங்கிட்டு. ஒங்களுக்குத் தோணுன பக்கம்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன தண்டனை இது என்று தெரியாமல் ஒரு பெண் அழத் தொடங்கினாள். அத்தை முக்காட்டை ஒரு கையால் பிடித்தபடி, மற்றக் கையால் சேலைக் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு, அவளே ஓடினாள்.

ஓட்டமா அது? முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள, தோள் ஒரு பக்கம் சாய, பாதம் தரையை அறைய, வாத்து ஓடுவது மாதிரி இருந்தது. வேப்பமரத்தைச் சுற்றி வந்து மூச்சு வாங்க நின்றாள். எங்கள் நாலாம் வகுப்பே சன்னலில் தொங்கியது. சிரிப்பென்றால் அப்படிச் சிரிப்பு. நான் பலகைக்கடியில் தலையைக் குனிந்துகொண்டேன். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவள் இரண்டாம் முறை கிளம்பியபோது கருப்பையா பின்னாலேயே ஓடினான். அவனைப் பார்த்து இன்னொருத்தி.

அதிலிருந்து தினமும் அதுதான். காலையில் கொஞ்சம் எழுத்து, பிறகு பொட்டல். தவளை மாதிரி தத்துவார்கள், ஒற்றைக்காலில் நொண்டுவார்கள். பருந்தும் கோழிக்குஞ்சும் ஆடும்போது அத்தைதான் தாய்க்கோழி. பிள்ளைகள் அவள் முந்தானையைப் பிடித்து ஒருவர் பின் ஒருவராகத் தொங்குவார்கள். கருப்பையா பருந்தாகிப் பாய்வான். வெள்ளைச்சேலை கட்டியவள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அங்கிட்டும் இங்கிட்டும் தாவுவாள். பொட்டலை ஒட்டித்தான் வண்டிப்பாதை. வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"தேளு புள்ளையக் கொட்டுச்சா, வாத்தியாரம்மாவக் கொட்டுச்சா?" என்று ஊரில் ஒரு கேலி புறப்பட்டது. பள்ளிக்கூடத்துக்கு நான் அத்தையோடு சேர்ந்து போவதை நிறுத்தினேன். முன்னால் போனேன். அத்தைக்கு அது தெரியும்.

கேலி கடைக்கும் வந்தது. அப்பா ஒரு மத்தியானம் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"புள்ளைகளை ஓடச் சொல்லு. வேணாங்கலை. நீ எதுக்கு ஓடுற?"

"நான் ஓடாட்டி அதுக ஓடாதுண்ணே. நான் உக்காந்தா அதுகளும் உக்காந்துருதுக."

"மானம் போகுது ஆத்தா. கடையில தலை நிமிர முடியலை."

"எனக்குப் போயிருச்சுண்ணே" என்றாள் அத்தை. "அந்தப் பொம்பள வெள்ளரிக்காய் கொண்டாந்து நீட்டுனால்ல, அன்னைக்கே போயிருச்சு. இனிமே போறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லை."

அவள் அண்ணனை எதிர்த்துப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவர் கடைக்குத் திரும்பிப் போனார்.

தை மாதம் போல இருக்கும். பருந்து ஆட்டத்தில் பாய்ந்த கருப்பையா வேரில் தடுக்கி விழுந்து கை முறிந்தது. இந்தமுறை அத்தை நிற்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, முக்காடு கழுத்தில் கிடக்க, தெரு முழுக்க ஓடினாள். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். "ரெண்டு மாசத்துல கூடிரும், பயப்படாதீங்க" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் கருப்பையாவின் தாய் வந்துவிட்டாள். தலைவிரி கோலமாக வைத்தியர் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

"படிக்க அனுப்புனேனா, பந்தயத்துக்கு அனுப்புனேனா? தாலியறுத்தவளுக்குப் புள்ளை அருமை தெரியுமா? ஆட்டம் கேக்குதாடி ஒனக்கு, ஆட்டம்? எம்மகன் கையை முறிச்சுட்டியே!"

ஊரே கூடியிருந்தது. அதில் வெள்ளரிக்காய் கொண்டுவந்த அஞ்சலையின் தாயும் இருந்தாள். அவளும், "முன்னெல்லாம் நல்லாத்தான் வச்சிருந்தாங்க. இப்ப என்னமோ ஆயிருச்சு" என்றாள். அப்பா கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றார். அத்தை அவரைப் பார்த்தாள். ஒரு சொல், "விடுங்கம்மா, சின்னப்புள்ள விழுகுறதுதான்" என்று ஒரு சொல் அவர் சொல்லியிருக்கலாம். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். நானும் அவர் பின்னாலேயே போனேன்.

அந்தம்மா ஓய்ந்தபின் அத்தை சொன்னது இவ்வளவுதான்: "கை கூடிரும் தாயி. நான் தெனமும் வந்து பாக்குறேன்." சொன்னபடி போனாள். வாசலிலேயே நிறுத்தி வைத்தார்கள். நின்றுவிட்டு வருவாள். கருப்பையா உள்ளிருந்து, "வாத்தியாரம்மா, நாளைக்கு நான் பருந்து இல்லை, குஞ்சு!" என்று கத்துவான். அவன் தாய் அவன் வாயைப் பொத்துவாள்.

புகார் போயிற்று. இன்ஸ்பெக்டர் வந்தார். தான் சிலைகளைப் பார்த்துப் புகழ்ந்த கொட்டகையில் பிள்ளைகள் கூச்சலிட்டுத் துள்ளுவதைக் கண்டு அவருக்கே அவமானமாகப் போயிற்று.

"பழையபடி உக்கார வைப்பீங்களா, மாட்டீங்களா?"

"எழுத்து நேரத்துக்கு உக்கார வைப்பேங்க. நாளெல்லாம் வைக்க மாட்டேங்க."

"வைக்கத் தெரிஞ்சவங்கதானே நீங்க?"

"தெரிஞ்சதுனாலதாங்க சொல்றேன்."

பெரிய வாத்தியார் பக்கத்தில் நின்றார். தேள் கொட்டிய கதை அவருக்கு முழுசாகத் தெரியும். அதை இன்ஸ்பெக்டரிடம் சொல்ல அவர் வாய் திறக்கவில்லை. சொன்னால் அன்றைக்கே மேலே எழுதாமல் மறைத்தது ஏன் என்று கேள்வி வரும். அத்தைக்கு வேலை போயிற்று. புதிதாக வந்தவர் பிரம்போடு வந்தார். கொட்டகை பழையபடி அமைதியானது. ஊருக்கு நிம்மதி.

ஆவுடையார்கோவில் பக்கம், தஞ்சாவூர் ஜில்லாவில், ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய யுத்தகாலத்து பஸ்ஸில் ஒரு தகரப்பெட்டியோடு ஏறிப் போனாள். அப்பா பெட்டியை ஏற்றிவிட்டார். அதன்பிறகு அவள் வரவில்லை. நாங்களும் போகவில்லை. அப்பா வீட்டில் அவள் பேச்சை எடுப்பதில்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, அத்தையை நேரில் அழைக்காமல் முடியாது என்று அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். வெற்றிலை பாக்கு, பழம், ஒரு சேலை எல்லாம் பையில் போட்டு அப்பாவை அனுப்பினாள். அன்று சாயங்காலமே அவர் திரும்பி வந்தார். பையை வைத்த கோலத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, உள்ளே எடுத்ததெல்லாம் அப்படியே இருக்கிறது.

"பாக்கலையா?" என்றாள் அம்மா.

"பாத்தேன்."

"பெறகு?"

அப்பா சட்டையைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி எடுத்து மடித்தார்.

"பள்ளிக்கூடத்து வாசல்ல ஓடிக்கிட்டிருந்தா. பொடிப் பொடியாப் புள்ளைக. மண்டையெல்லாம் நரைச்சுப் போச்சு, முக்காடும் இல்லை. என்னையப் பாத்தா. நிப்பான்னு நெனச்சேன். நிக்கலை. எங்கூடப் பொறந்தவ, எனக்கு முன்னால அவ்வளவு சத்தமாச் சிரிச்சு நான் கேட்டதில்லை. கூப்புடலாம்னுதான் போனேன். என்ன சொல்லிக் கூப்புடுறது? அன்னைக்கு வைத்தியர் வீட்டு வாசல்ல என்னையப் பாத்தால்ல, அப்ப வாயைத் தொறக்காதவன், இப்ப வெத்தலைபாக்கோட போய் நிக்கிறேன். வேலியோரமா நின்னு பாத்துட்டு வந்துட்டேன்."

தனியாகப் பஸ் ஏறி அறியாதவள் அம்மா. மறுநாள் காலை தலை சீவி, நல்ல சேலை கட்டி, அந்தப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"இரு, நானும் வாரேன்" என்று அப்பா செருப்பைத் தேடினார்.

"நீங்க இருங்க" என்றாள் அம்மா.